டி அண்ட் டி-க்குச் சொந்தமாக ஒரு கிளாஸ்: வடுவீரனைச் சமன்செய்த விதம்

பகடை உருட்டிப் பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்புக்குச் சொந்தமாக கிளாஸ் (பாத்திர வகை) எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது டேமேஜைத்தான், அதாவது அடியின் சேதத்தை. நான் முதலில் பார்ப்பது, புள்ளிகள் எப்போது சேர்கின்றன, எப்போது தீர்கின்றன என்பதை. ஆட்டம் கெடுவது அங்கேதான். ‘வடுவீரன்’ கிளாஸை வைத்தே சொல்கிறேன். அடி வாங்கினால் ஒரு வடு சேரும். அதைச் செலவழித்துக் கூடுதல் டேமேஜ் போடலாம். அந்தப் பதிப்பின் 2014 விதிகளுக்காக எழுதியது.

அடிப்படை சீக்கிரம் முடிந்துவிடும். ஹிட் டைஸ் (உயிர்ப்புள்ளிக்கான பகடை) டி10, அதாவது பத்துமுகப் பகடை; மீடியம் ஆர்மர் (நடுத்தரக் கவசம்), கேடயம். அடி வாங்குகிற கிளாஸ்தானே என்று டி12-உம் ஹெவி ஆர்மரும் சேர்த்துக் கொடுக்கத் தோன்றும். டி12 உள்ள பார்பேரியன் கிளாஸுக்கே ஹெவி ஆர்மர் கிடையாது. ஆபத்தைத் தவிர்க்கப் போடும் சேவிங் த்ரோவில் டெக்ஸ்டரிட்டி, கான்ஸ்டிடியூஷன், விஸ்டம் மூன்றில் ஒன்றுதான் கொடுக்கலாம். இன்னொன்று மற்ற மூன்று திறன்களிலிருந்து (ஸ்ட்ரெங்த், இன்டெலிஜென்ஸ், கரிஸ்மா) வரவேண்டும். லெவல் 5-இல் எக்ஸ்ட்ரா அட்டாக் (டர்னுக்கு இரண்டு தாக்குதல்) கட்டாயம். அதே லெவலில்தான் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) 8டி6, அதாவது எட்டு ஆறுமுகப் பகடை டேமேஜ் தரும் ஃபயர்பால் கிடைக்கிறது.

இனி வடு. “டேமேஜ் வாங்கும்போதெல்லாம் ஒரு வடு” என்று எழுதிவிட்டால், சண்டைக்கு முன்பே கூட்டாளியிடம் நாலு குத்து வாங்கி நிரப்பிக்கொள்வார்கள். அது ஆட்டக்காரர் தப்பில்லை, வாசகத்தின் தப்பு. சரியான வாசகம் இது (இனிஷியேட்டிவ் என்பது சண்டை தொடங்கும்போது வரிசைக்காகப் போடும் பகடை, ரவுண்டு என்பது எல்லோருக்கும் ஒரு டர்ன் முடியும் சுற்று): “இனிஷியேட்டிவ் போட்டபின், எதிரியின் தாக்குதலால் டேமேஜ் வாங்கினால், ரவுண்டுக்கு ஒரு முறை ஒரு வடு. சண்டை முடிந்த 1 நிமிடத்தில் எல்லாம் மறையும்.” ‘ரவுண்டுக்கு ஒரு முறை’ ஏன் வேண்டும்? ட்ரோல் என்ற அரக்கன் ஒரு டர்னில் மூன்று முறை தாக்கும். அந்த வரி இல்லையென்றால் ஒரே டர்னில் மூன்று வடு.

கணக்குக்கு லெவல் 5, ஸ்ட்ரெங்த் 18, எதிரியின் ஏசி (தாக்குதல் படுவதற்குத் தேவையான எண்) 15 என்று வைத்துக்கொள்ளலாம். தாக்குதல் +7 (ஸ்ட்ரெங்த்துக்கு 4, ப்ரொஃபிஷியன்சி போனஸ் 3); டி20-இல் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் படும், அதாவது 65%. லாங்ஸ்வோர்டின் சராசரி 4.5, அதோடு ஸ்ட்ரெங்த்துக்கு 4. இரண்டு அட்டாக்குக்குச் சராசரி 11.05. இரண்டில் ஒன்றாவது படும் வாய்ப்பு 87.75%. ஆக, டர்னுக்கு ஒரு வடுவைத்தான் செலவழிக்கலாம், அது டி6 என்றால் இன்னும் 3.07 சேரும், மொத்தம் சுமார் 14.1. அடிக்கு 2 கூட்டும் டூயலிங் ஸ்டைல் எடுத்த ஃபைட்டருக்கு அதே கணக்கில் 13.65 வருகிறது, அவரிடம் கூடுதலாக ஒரு முறை செயல்படவைக்கும் ஆக்‌ஷன் சர்ஜும் இருக்கிறது. இந்த இடைவெளி எனக்குச் சம்மதமே. டி20-இல் 20 விழுந்து டேமேஜ் பகடை இரட்டிப்பாகும் கிரிட்டிக்கலை இதில் சேர்க்கவில்லை.

ஆனால் ‘டர்னுக்கு ஒன்று’ என்ற வரம்பை மறந்தால் கிரிட்டிக்கலே வினையாகும். மூன்று வடுவைச் சேர்த்துவைத்து, டி20-இல் 20 விழும்போது மொத்தமாகக் கொட்டுவார்கள்: 6டி6, சராசரி 21. பெரிய எதிரி ஒருவன் வரும் நேரத்தில் இது சண்டையையே முடித்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது மல்டிகிளாஸ், அதாவது ஒரே பாத்திரம் பல கிளாஸ்களில் லெவல் எடுப்பது. வடுவின் உச்சவரம்பை ப்ரொஃபிஷியன்சி போனஸோடு கட்டுவது எளிதுதான், ஆனால் அந்த போனஸ் மொத்த லெவலைப் பொறுத்தே ஏறும். வடுவீரனில் ஒரே ஒரு லெவல் எடுத்த பார்பேரியன், லெவல் 9-இல் நான்கு வடுவையும் அள்ளிக்கொள்வார். ரெக்லஸ் அட்டாக்கால் எதிரிகளுக்கு அட்வான்டேஜ் (இரண்டு டி20-இல் பெரியதை எடுக்கும் வசதி) போவதால் அடிக்குப் பஞ்சமிருக்காது. அவருடைய ரேஜ் அந்த அடியைப் பாதியாக்கிவிடும், வடுவோ முழுதாகச் சேரும். ஆகவே உச்சவரம்பைக் கிளாஸ் அட்டவணையிலேயே எழுதுங்கள்: லெவல் 2-இல் 2, 5-இல் 3, 11-இல் 4. லெவல் 1-இல் வடுவே வேண்டாம்.

சோதிக்கும்போது பக்கத்தில் சாதாரண ஃபைட்டர் ஒருவர் இருக்கட்டும். லெவல் 2, 5, 11 மூன்றிலும், நடுவே ஒரு ஷார்ட் ரெஸ்டோடு (சிறு ஓய்வோடு) மூன்று நான்கு சண்டைகள் போதும். ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் எத்தனை வடு மிஞ்சியது என்று குறித்துவையுங்கள். எப்போதும் மிஞ்சினால் சேர்வது அதிகம்.

எப்போதும் பூஜ்யம் என்றால், பெரும்பாலும் எதிரிகள் வடுவீரனை விட்டுவிட்டு விசார்டைத் தேடிப் போயிருப்பார்கள். அதற்காக டேமேஜைக் கூட்டாதீர்கள். லெவல் 3-இல், தன் அடுத்த டர்னுக்குள் ஒரே முறை செய்யக்கூடிய ஒரு ரியாக்‌ஷன் கொடுங்கள்: 5 அடி தூரத்துக்குள் இருக்கும் கூட்டாளிமேல் படும் தாக்குதலைத் தானே வாங்கிக்கொள்ளலாம். ரியாக்‌ஷன் தீர்ந்துவிட்டால் அடுத்த டர்ன் வரும்வரை விலகிப் போகும் எதிரியை அடிக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கிடையாது. அந்த விலையே போதும்.