மானைக் கண்டேன், கல்லைக் காணோம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் "திருமலை, திருமலை" என்று கத்திக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க்காரிக்குத் திருமலை என்றால் ஏழுமலையானும் லட்டும்தான். நான் பாட்டுக்கு வேறு பஸ்ஸைத் தேடி, பையைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வந்தேன். கடைசியில் அவரிடமே போய், "அண்ணா, திருகோணமலைக்கு எது?" என்றேன். "இவ்வளவு நேரமும் நான் என்ன தங்கச்சி சொல்லிக்கொண்டு நிக்கிறன்?" என்றார். பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். ஊர் வந்து சேரும்வரை நான் "அந்த இந்தியப் பிள்ளை".

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி காங்கேசன்துறையில் இறங்க நாலு மணி நேரம் போல ஆனது. யாழ்ப்பாணத்திலிருந்து திருமலைக்கு பஸ்ஸில் அதைவிட அதிகம். எம்.ஏ. வரலாறு, செமஸ்டர் லீவு, பாஸ்போர்ட்டில் விழுந்த முதல் முத்திரை. தனியாகப் போக அம்மா சம்மதித்ததே திருமலையில் இருக்கும் சிவன், கோணேசரால்தான். ஈழத்தில் பாடல் பெற்ற தலம் ரெண்டே ரெண்டு: திருக்கேதீச்சரம், திருக்கோணமலை. சம்பந்தர் கடல் தாண்டாமல் இராமேஸ்வரத்திலிருந்தே பாடினார் என்பார்கள். "அவரே போகாத இடத்துக்கு நீ போறே. விபூதி மறக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

வந்த அன்று சாயங்காலம் பசியில் ஒரு தேநீர்க்கடைக்குள் நுழைந்து "ஒரு டீ" என்றேன். "பால் டீயா, பிளேன் டீயா?" பால் டீ. பையன் டீயோடு ஒரு பெரிய தட்டையும் கொண்டுவந்து வைத்தான். நாலு ரோல்ஸ், ரெண்டு வடை, பணிஸ், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத முக்கோணம் ஒன்று. எனக்கு உதறல். நான் கேட்கவே இல்லையே, இத்தனைக்கும் பில் போடுவார்களா? ஒரு இந்திய ரூபாய்க்கு அங்கே மூன்றுக்கு மேல் கிடைக்கிறது என்றாலும், விலைப்பலகையில் நூறு நூறாக நிற்கும் எண்கள் கண்ணை மிரட்டும். எதையும் தொடாமல் டீயை மட்டும் ஊதி ஊதிக் குடித்தேன். எதிரே இருந்த ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்பிடுங்க பிள்ளை. சாப்பிட்டதுக்கு மட்டும்தான் காசு, மிச்சம் திரும்பப் போயிடும்" என்றார். அப்புறம் என்ன, மூன்று ரோல்ஸ் போனது. உள்ளே மீன். கடைசி ரோலை யார் யார் தொட்டுப் பார்த்து விட்டுப் போயிருப்பார்கள் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே தின்றேன்.

மறுநாள் காலையில் கோயில். ஊருக்குள்ளிருந்து கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கும் சுவாமி மலையின் உச்சியில் கோணேஸ்வரம். அங்கே போக பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்துதான் ஏற வேண்டும். உள்ளே ராணுவ முகாம், மரத்தடிகளில் புள்ளிமான்கள். கூண்டும் இல்லை, வேலியும் இல்லை. ஆடு மாதிரி ஆட்களுக்கு நடுவே நடக்கின்றன. நான் வாசலுக்கு வெளியிலேயே போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்று வந்து என் கையிலிருந்த பஸ் டிக்கெட்டை வாங்கித் தின்றது.

மேலே போனதும், உண்மையைச் சொன்னால், ஏமாற்றம். கடல் அப்படி ஒரு நீலம், இராவணன் வெட்டுப் பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது, மரக்கிளையில் குழந்தை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள் காற்றில் ஆடுகின்றன. ஆனால் கோயில்? 1010இல் முடிந்த கருங்கல் கோயிலின் நிழலில் வளர்ந்தவள் நான். இங்கே பளபளவென்று வர்ணம் பூசின சிமெண்ட். சம்பந்தர் பாடிய கோயில் இதுவா என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு.

இறங்கும் வழியில் அர்ச்சனைத் தட்டு விற்கும் ஒரு அம்மா கூப்பிட்டார். "எங்கயிருந்து பிள்ளை? தனியாவோ வந்தனீங்கள்?" தஞ்சாவூர் என்றதும், "பெரிய கோயில் ஊரோ!" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கோயில் புதுசாக இருக்கிறதே என்று மெல்லக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பழசைப் பாக்காமலோ வந்தனீங்கள்? கோட்டை வாசலால தானே வந்தனீங்கள். எங்கட கோயில் கல்லைத்தான் பிள்ளை உடைச்சுக் கோட்டை கட்டினவங்கள்."

படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்: 1622, போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, சித்திரை வருஷப் பிறப்பன்று கோயில் இடிப்பு. 1950இல் கிணறு வெட்டப் போய் மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் கிடைத்ததும், 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் இந்தக் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்ததும், 1963இல் இப்போதைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததும் எல்லாம் தெரியும். ஆனால் அந்த வாசல்தூணில் எழுத்து இருக்கிறது என்று இந்த அம்மா சொல்லித்தான் ஞாபகம் வந்தது. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், பிரிப்பான் என்று சொல்லும் கல். அதைத் தாண்டித்தான் மானை வீடியோ எடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். வரலாறு எம்.ஏ.!

உடனே ஓடிப் பார்க்க முடியவில்லை. கீழே ஆட்டோ ஓட்டும் நானா, அதாவது முஸ்லிம் அண்ணன், காத்துக்கொண்டிருந்தார், கன்னியா போவதாகப் பேசி வைத்திருந்தோம். அவர் ஊர் கிண்ணியா. "பாலம் வர முந்தி எங்களுக்குப் பாதைதான்" என்றார். பாதை என்றால் எனக்கு மண்ரோடு. "பாதை நடுவுல நிண்டுட்டா அன்னைக்கு வீட்டுக்குப் போகேலா" என்றபோதும் புரியவில்லை. "பாதை எப்படி நானா நிக்கும்?" வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைதான் பாதையாம். 2009இல் 396 மீட்டர் பாலம் வந்த பிறகு அதற்கு வேலையில்லை. சொல் மட்டும் அவர் வாயில் மிச்சம்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், சதுரம் சதுரமாக, எட்டிப் பார்த்தால் தரை தெரிகிற ஆழம்தான். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கியது என்பது கதை; அந்தியேட்டி என்கிற ஈமக்கிரியைக்கு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். அன்று ஒரு குடும்பம் வந்திருந்தது. கைவைத்துப் பார்க்கத் தயங்கி நின்ற என்னை ஒரு பாட்டி இழுத்து, "இது சுடாது, அங்கால உள்ளதுதான் சுடும்" என்று வாளியால் என் காலில் ஊற்றினார். யார் போய்விட்டார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஈரக்காலோடு ஆட்டோவில் ஏறினேன்.

வெயில் சாயும் நேரத்தில் மறுபடி கோட்டை வாசல். போனை முதலிலேயே பையில் போட்டுவிட்டேன். தூணில் எழுத்து இருந்தது. தேய்ந்து, பாதி கரைந்து, ஓரெழுத்து பிடிபட்டால் அடுத்தது நழுவியது. பக்கத்தில் செதுக்கின மீன் மட்டும் தெளிவாக இருந்தது.

ஒரு பெண் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் காவலுக்கு நின்ற சிப்பாய் வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது. விரலால் கல்லைக் காட்டினேன். உற்றுப் பார்த்து, "மாளு" என்றார். "மீன்" என்றேன். "மீன்" என்று அவரும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு என் பின்னால் கையைக் காட்டினார்.

அம்மாவுக்கு வாங்கின விபூதிப் பொட்டலத்தை, பையோடு சேர்த்து, மான் இழுத்துக்கொண்டிருந்தது.