மிதவையும் மோட்டரும் ரி கலமும்

மருத்துவபீடத்தில் எனக்குக் கிடைத்த செமினார் தலைப்பு, நிர்ப்பீடனக் கலங்களுக்குள் கல்சியம் எப்படி விடுவிக்கப்படுகிறது என்பது. பேச 15 நிமிடம், ஆயத்தத்துக்கு இரண்டு வாரம். முதல் வாரம் முழுக்கப் புரதங்களின் பெயர்களைப் பாடமாக்கினேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

தொடக்கம் எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. நிர்ப்பீடனக் கலங்களில் ஒரு வகையான ரி கலத்தின் வாங்கி அந்நியப் பொருளை இனங்கண்டதும் கலத்துக்குள் ஐபி3 என்ற சிறு தூது மூலக்கூறு உண்டாகும். அது, கலத்துக்குள் இருக்கும் சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலையில் உள்ள தன் வாங்கியோடு சேர, அங்கே சேமித்திருந்த கல்சியம் வெளியே வரும். ஆனால் அந்தச் சேமிப்புச் சின்னது. கலத்தின் கருவுக்குச் செய்தி போக, கல்சியம் நெடுநேரம் உயர்ந்து நிற்கவேண்டும். வெளியே லீற்றருக்கு 1 மில்லிமோலுக்கு மேல் இருக்கிறது, கலத்துக்குள் ஓய்வு நேரத்தில் 100 நனோமோல் அளவுதான். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! வாசல் திறந்தால் தானாகப் பாயும். சரி, உள்ளே சேமிப்புத் தீர்ந்துவிட்டதென்று வெளிச்சவ்வில் இருக்கிற வாசலுக்கு யார் சொல்வது? இந்த இடத்தில் மூன்று நாள் நின்றுவிட்டேன்.

ஓர் இரவு மோட்டர் தானாக ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அப்பா தாங்கிக்குள் புதிதாக மிதவைச் சுவிச் பூட்டியிருந்தார். "தண்ணி குறைஞ்சா மிதவை கீழ விழும் பிள்ளை, உடனே கிணத்தடியில மோட்டர் ஓடும்" என்றார். சிறுவலையின் சவ்வில் இருக்கும் ஸ்டிம்1 என்ற புரதம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிறுவலைக்குள் நீட்டியிருக்கும் அதன் தலை கல்சியத்தைப் பிடித்தபடி இருக்கும். சேமிப்புக் குறைந்தால் பிடி விடுபடும். ஆனால் எங்கள் வீட்டில் தாங்கிக்கும் மோட்டருக்கும் நடுவே வயர் ஓடுகிறது. கலத்தில் வயர் இல்லை, ஆளே நேரில் போகவேண்டும். ஸ்டிம்1 மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடி, சிறுவலை வெளிச்சவ்வை ஏறக்குறைய 10 முதல் 20 நனோமீற்றர் வரை நெருங்கும் இடங்களில் குவிந்து, ஓராய்1 என்ற வாசலைத் தொட்டுத் திறக்கின்றன.

2005இல் ஸ்டிம்1இன் இந்த வேலை கண்டறியப்பட்டது, அடுத்த வருடம் ஓராய்1. ஓராய்1இல் ஒரேயொரு அமினோவமிலம் மாறியதால் நிர்ப்பீடனமே செயலிழந்த குழந்தைகளின் மூலமும் இந்த வாசல் வெளிச்சத்துக்கு வந்தது. அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

செமினாரில் அம்புக்குறிகளைக் குறைத்து, இரு சவ்வுகளையும் நடுவே உள்ள இடைவெளியையும் பெரிதாக வரைந்தேன். "எப்படி மூடும்?" என்று ஒரு தோழி கேட்டாள். உள்ளே வரும் கல்சியமே வாசலை அடக்கும், சேமிப்பு நிரம்பியதும் ஸ்டிம்1 கலைந்துபோகும் என்றேன்.

அப்புறம் ஒரு நாள் கொக்குவிலில் மாமி வீட்டுக்குப் போனேன். மாமிக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. டக்ரோலிமஸ் குளிசையை 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கிறா. மாமியின் ரி கலங்களிலும் வாசல் திறக்கும், கல்சியமும் வரும். ஆனால் அந்தக் கல்சியம் எழுப்பும் கல்சிநியூரின் என்ற நொதியத்தை மருந்து தடுத்துவிடுவதால் செய்தி கருவுக்குள் போகாது, புதிய சிறுநீரகத்தின் மேல் தாக்குதலும் அடங்கியிருக்கும். கொப்பியில் படம் கீறிக் காட்டினேன். மாமி அந்தத் தாளைக் கிழித்தெடுத்து, குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்தா.