பனிமேல் ஏறும் கப்பல்: கெமியில் ஒரு பகல்

பின்லாந்தின் மேற்கே போத்னியா வளைகுடா முடிகிற வடக்குக் கோடியில் இருக்கிறது கெமி. ஆறுகள் நிறைய வந்து கலப்பதால் அங்கே கடல்நீரில் உப்பு குறைவு, குளிர்காலத்தில் சுலபமாக உறைந்துவிடும். 1960-ல் ஹெல்சின்கியில் கட்டிய 'சம்போ' என்ற பனியுடைப்புக் கப்பல், கால் நூற்றாண்டு அரசு வேலை பார்த்துவிட்டு இப்போது இங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. டிக்கெட் விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

கிளம்பியதும் நேராக முன்தளத்துக்குப் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கப்பலின் மூக்கு, அடியில் உள்வாங்கிச் சரிந்திருக்கிறது. அந்தச் சரிவால் கப்பல் பனியின் மேல் ஏறுகிறது. ஏறியதும் அதன் எடை பனியைக் கீழே வளைக்கிறது. நெருக்கினால் தாங்கும் பனி, வளைத்தால் தாங்காது. அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான். எனக்கு நேர் கீழே விரிசல் ஒன்று ஓடியது, பெரிய பாளம் ஒன்று ஒருபக்கமாகப் புரண்டு பச்சை நிற அடிப்பாகத்தைக் காட்டிவிட்டுக் கப்பலுக்குக் கீழே போனது. காலடியில் தளம் முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தது.

சம்போவுக்குப் பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு என நான்கு புரொப்பெல்லர்கள். பனியை முட்டுகிற இடத்திலா புரொப்பெல்லரை வைப்பார்கள்? முன்னால் உள்ளவை பனிக்கு அடியிலிருக்கும் தண்ணீரை இழுத்துவிடுகின்றன, தாங்க ஆளில்லாத பனி சீக்கிரம் உடைகிறது. இழுத்த தண்ணீர் கப்பலின் உடலோடு பாய்வதால் உராய்வும் குறைகிறது. டீசல் எஞ்சின் நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுற்றுவதில்லை, அது மின்சாரம் தயாரிக்க, மோட்டார் சுற்றுகிறது. பனிக்கட்டி சிக்கி வேகம் விழுந்தாலும் மோட்டாரின் முறுக்குவிசை குறையாது.

இந்த வகைக் கப்பல்களில் பக்கவாட்டுத் தொட்டிகளும் இருக்கும். பனியில் சிக்கிக்கொண்டால் தண்ணீரை ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் பம்ப் செய்து, கப்பலை ஆட்டியே விடுவித்துக்கொள்வார்கள். பனிக்கு ஏற்ற உருண்டை வயிறு திறந்த கடலில் பயங்கரமாக ஆடுமாம். பனியில் கெட்டிக்காரன், அலையில் குடிகாரன்!

நடுவில் கப்பலை நிறுத்தி, ஆரஞ்சு நிற மிதவை உடை மாட்டி எங்களைக் கடலில் இறக்கினார்கள். முகத்தைத் தவிர எங்கும் குளிரவில்லை.

முன்பக்கப் புரொப்பெல்லர் யோசனையைப் பின்லாந்துக்காரர்கள் அதோடு விடவில்லை. 2002-ல் வந்த 'டெம்பெரா' என்ற எண்ணெய்க் கப்பல் திறந்த கடலில் முன்னோக்கிப் போகும். பனி கனத்தால் திரும்பிக்கொண்டு, புரொப்பெல்லர் உள்ள பின்பக்கத்தால் பனியை அரைத்தபடி ரிவர்ஸிலேயே போகும்.