டிராக்டர் ஓடும் வயலைத் தேடிப் போங்கள்

செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பினாங்கில் கொக்கும் நாரையும் பார்க்கத் தீவைவிட அக்கரையான பெருநிலப் பகுதிதான் தோது. பட்டர்வொர்த்துக்கு வடக்கே பெனாகா, கெப்பாலா பத்தாஸ் எனச் சுங்கை மூடா கரைவரை வயல் பரந்து கிடக்கிறது. பாலம் தாண்ட நேரமில்லாதவர்களுக்கு பாலிக் பூலாவ் பக்கம் சுங்கை பூரோங் வயல் உண்டு. சிறியதுதான், ஆனாலும் ஒரு காலைப்பொழுதுக்குப் போதும்.

"எந்த இடத்தில் கொக்கு நிறைய நிற்கும்?" என்றுதான் முதலில் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட, வயல் இப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று கேட்பது மேல். போன வாரம் வெள்ளை வெளேரென்று கொக்கு நிறைந்திருந்த வயலில் இந்த வாரம் ஒன்றுகூட இருக்காது. இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம். வாய்க்கால் தண்ணீரைப் பகுதி பகுதியாகத் திறந்து விடுவதால், ஓரிடத்தில் உழவு நடக்கும்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளி நாற்று பச்சை பிடித்திருக்கும். அந்தத் தண்ணீர் போகும் வழியில்தான் பறவையும் போகிறது.

சேற்றுழவு நாளுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. டிராக்டர் சேற்றைப் புரட்டப் புரட்டப் பிள்ளைப்பூச்சி, மண்புழு, தவளை, தலைப்பிரட்டை எல்லாம் மேலே வரும். டிராக்டரின் பின்சக்கரத்தை ஒட்டி உண்ணிக்கொக்குகள் நடக்கும், சேறு தெறித்தாலும் விலகாது. கொஞ்சம் தள்ளித் தண்ணீர் தேங்கிய இடத்தில் சின்னக்கொக்கு ஒற்றைக் காலால் சேற்றைக் கலக்கி, பதறி ஓடும் மீனைக் கொத்தும். பழுப்பு நிறச் சிறு கொக்கான மடையான் வரப்பில் ஆடாமல் அசையாமல் நிற்கும். மேலே மீசை ஆலாக்கள் வட்டமிட்டுத் தாழ்ந்து தாழ்ந்து எழும். டிராக்டரிலிருந்து தொடங்கிப் பார்வையை வெளிப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால் ஒன்றும் தப்பாது.

பரம்படித்துச் சேற்றைச் சமன்செய்து தண்ணீர் தெளிந்த பிறகு, ஆழமில்லாத நீரில் இரை தேடும் உள்ளான்களின் முறை. நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீர்தான் பொறி உள்ளானுக்குப் பிடித்தமானது. நெடுங்கால் உள்ளான் அதைவிட ஆழத்திலும் நிற்கும். பயிர் ஒரு சாண் உயர்ந்து அடர்ந்துவிட்டால் இவை கிளம்பிவிடும். அதன்பின் அறுவடைவரை அந்த வயலில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், கதிருக்கு மேலே தாழப் பறக்கும் பூனைப்பருந்து வேண்டுமானால் கிடைக்கும். அறுவடை மெஷின் இறங்கியதும் கொக்குக் கூட்டம் மறுபடி வந்து சேரும்.

நத்தைகுத்தி நாரைக்கு நேரம் ஒதுக்குங்கள். தாய்லாந்தின் நடுப்பகுதிச் சமவெளியில் கூடு கட்டும் இந்த நாரை, அண்மை ஆண்டுகளில்தான் இங்கே பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது. அதன் இரை தென் அமெரிக்காவிலிருந்து வந்து நெல்லை நாசமாக்கும் பொன் நத்தை (கோல்டன் ஆப்பிள் நத்தை). வாய்க்காலின் சிமெண்ட் சுவரிலும் நெல் தண்டிலும் பளீரென்ற ரோஜா நிறத்தில் முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் அங்கே நத்தை உண்டு, அங்கே காத்திருக்கலாம். வளர்ந்த நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். இளம் பருவத்தில் அது இருக்காது, ஆகவே இடைவெளி இல்லை என்பதற்காக வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள். நத்தையை அந்த இடைவெளியில் வைத்து நொறுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தொலைநோக்கியில் பாருங்கள்: நத்தையை மேல் அலகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்முனையை ஓட்டின் வாயை அடைக்கும் மூடிக்கு அடியில் நுழைத்துச் சதையை அறுத்து வெளியே இழுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். இவ்வளவு நத்தையைத் தின்னும் பறவை வயலில் நிற்பது விவசாயிக்கு லாபம். இதை விரட்ட வேண்டாம் என்று பார்க்கிற ஒவ்வொரு விவசாயியிடமும் சொல்லத் தகும்.

பறக்கும்போது கழுத்தைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும், நாரை நீட்டிப் பறக்கும். ஆனால் சாம்பல் நாரை, செந்நாரை இரண்டும் பெயரில்தான் நாரை, பறப்பது கொக்கைப் போலக் கழுத்தை மடக்கித்தான். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் உயரத்தை வைத்துப் பிரிக்கப் போனால் தடுமாறுவீர்கள். அலகின் பிளவிலிருந்து கண் பக்கம் நீளும் வாய்க்கோட்டைப் பாருங்கள்: பெரிய கொக்குக்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிடும். சின்னக்கொக்கின் மஞ்சள் விரல்கள் சேற்றில் தெரியாது, பறக்கும்வரை பொறுங்கள். மடையான்களில் சீன இனம், ஜாவா இனம், இந்திய இனம் மூன்றும் குளிர்காலத்தில் ஒரே பழுப்புதான். மார்ச், ஏப்ரலில் தலை கருஞ்சிவப்பானால் சீன மடையான், தலை பொன்னிறமாகி முதுகு கறுத்தால் ஜாவா மடையான். அதற்கு முன் வெறும் "மடையான்" என்று குறிப்பதே நேர்மை.

பினாங்கில் விடிய ஏழு மணி தாண்டிவிடும், அதற்குள் வயலுக்குப் போய்விட வேண்டும். கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள், எதிர்வெயிலில் வெள்ளைக் கொக்கும் கறுப்பாகத்தான் தெரியும். பத்து மணிக்கு மேல் ஈர வயலிலிருந்து எழும் அனல் பார்வையை ஆட்டிவிடும், அப்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டெலஸ்கோப்பும் உதவாது. கையில் பிடித்துப் பார்க்க எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 தொலைநோக்கி போதும், பத்து மடங்கு கையில் நடுங்கும்.

காரைவிட்டு இறங்காதீர்கள். பறவை காரைப் பொறுத்துக்கொள்ளும், கதவு திறந்து ஆள் இறங்கினால் பொறுக்காது. கண்ணாடியை முன்கூட்டியே இறக்கிவிட்டு, நின்றதும் இஞ்சினை அணைத்துவிடுங்கள், அதிர்வில் படம் தெளிவாக வராது. ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தால் கேமராவுக்கு அதைவிட நல்ல தாங்கி கிடையாது. வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருக்கும் சிமெண்ட் பலகை காரை நிறுத்த வசதியாகத் தோன்றும். டிராக்டர் வயலுக்குள் இறங்கும் வழியே அதுதான், அதை அடைக்கக் கூடாது. வரப்பில் நடப்பதும் வேண்டாம். ஈர வரப்பு சரிந்தால் ஒருவர் வயல் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும்.

கொக்குகள் மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தி எல்லாம் ஒரே திசையில் பார்க்கின்றனவா? நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். அப்படியே பின்வாங்குங்கள். அருகில் படம் எடுக்க ட்ரோன் விடுபவர்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் சேர்த்து வைத்த கொழுப்பில் செலவு.

எண்ணும்போது முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு கூட்டத்தின்மேல் நகர்த்துங்கள். காற்றில் சுழன்று ஏறும் நத்தைகுத்திகளைப் படமெடுத்து வீட்டில் எண்ணுவதே சரி. மாலையில் அடையப் போகும் கொக்குகளை மரத்தடியில் நின்று எண்ணக் கூடாது. பறந்து வரும் பாதையில் ஓரிடத்தில் ஆறே காலுக்கு நின்று, வரிசை வரிசையாக இருட்டும்வரை குறியுங்கள்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் செக்கிஞ்சான் நெல்வயல்கள் இருக்கின்றன. அங்கே உழவு நாட்கள் வேறு, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987 முதல் நடந்துவருகிறது. மலேசியாவில் அதை ஒருங்கிணைப்பது மலேசிய இயற்கைக் கழகம். புதிதாக வருபவர்கள் எண்ணத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். எண்ணுபவர் கண்ணை எடுக்காமல் பார்க்க, பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒருவர் எப்போதும் தேவை.