நெற்றியில் என் பெயர்

வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே கையில் திணித்த பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே உள்ளங்கை அளவு மண்டையோடு. சர்க்கரையில் செய்தது. நெற்றியில் பச்சை கிரீமால் 'முருகன்' என்று எழுதியிருந்தது. முருகன் நான்தான். உயிரோடுதான் இருக்கிறேன்.

எங்கள் ஊரில் இதை யார் வாசலிலாவது வைத்திருந்தால் செய்வினை என்று கோடாங்கியைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே மெக்சிகோவில் இது பாசம். இறந்தவர்கள் திருநாளுக்கு, நவம்பர் 1 அன்று செத்துப்போன பிள்ளைகளும், 2 அன்று பெரியவர்களும் வீட்டுக்கு வந்துபோவார்களாம். அந்தச் சமயத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கும் பெயர் போட்டு ஒரு சர்க்கரை மண்டையோடு. கடித்துப் பார்த்தேன், பல் கூசியது.

இங்கே புவேப்லா நகரத்துக்கு வந்து மூன்று வருஷம். எல்லாம் பழகிவிட்டது என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று சந்தையில் மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி. இவர்கள் செம்பாசூச்சில் என்கிறார்கள். அந்தப் பூவுக்குப் பூர்வீகமே இந்த நாடுதான். வாசனை மூக்கில் ஏறியதும் பழகியதெல்லாம் போய், நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரம்மா தெருவாசலிலிருந்து படையல் வரைக்கும் இதழ்களை உதிர்த்துப் பாதை போட்டார். உப்பு, தண்ணீர், மெழுகுவர்த்தி, நம் சாம்பிராணி மாதிரியே கோப்பல் என்கிற மரப்பிசின் புகை. புருஷன் படத்துக்கு முன்னால் மோலே குழம்பு, தெக்கீலா, சிகரெட். தாத்தாவுக்குச் சுருட்டும் சாராயமும் வைத்த வீட்டில் பிறந்தவனுக்கு இதிலெல்லாம் என்ன அதிசயம்? ஒன்றுதான் பொறுக்கவில்லை. கரண்டியில் மோலேயை எடுத்து என்னிடம் நீட்டி உப்பு பார்க்கச் சொன்னார். படைக்கிறதுக்கு முன்னாலேயா! அப்பத்தா இருந்திருந்தால் அந்தக் கரண்டியாலேயே ஒன்று போட்டிருக்கும்.

அப்பத்தா ஏப்ரலில் போய்ச் சேர்ந்தது. என் விசா புதுப்பித்தல் பாதியில் கிடந்ததால் போக முடியவில்லை. நீர்மாலை, கருமாதி எல்லாம் போனில்தான். நடுவில் இரண்டு தடவை சார்ஜ் தீர்ந்தது.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரம்மா என்னை உவாகெச்சுலா கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அந்த வருஷம் சாவு விழுந்த வீடுகளில் கூரை தொடுகிற உயரத்துக்கு வெள்ளை சாட்டின் துணியில் அடுக்கடுக்காகப் படையல் கட்டுகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கீழ் அடுக்கில் இறந்தவரின் படம், நமக்கு முதுகைக் காட்டி, எதிரே ஒரு கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும். முகம் கண்ணாடியில்தான் தெரியும். ஒரு வீட்டில் யாரோ ஒரு கிழவி கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த வீட்டு மருமகள் எதுவும் கேட்காமல் தட்டில் சோறும் மோலேயும் வைத்துக் கொடுத்தாள். கருமாதிச் சாப்பாடு எனக்கு அன்றுதான் கிடைத்தது.

திரும்பி வந்து போனில் இருந்த அப்பத்தா படத்தை அச்செடுத்து வீட்டுக்காரம்மாவின் படையலில் வைத்தேன். அவர் புருஷனிடமிருந்து கொஞ்சம் தள்ளித்தான். அடுத்த ஆம்பிளை பக்கத்தில் அப்பத்தா உட்காராது. வெற்றிலைக்கு எங்கே போவது?

"இவ்வளவு தூரம் எப்படி வரும்?" என்றேன்.

"பூப்பாதை இருக்கிறதே."

அப்பத்தா மதுரையைத் தாண்டியதே இல்லை. பஸ் ஏறினாலே வாந்தி. முந்தானையில் எலுமிச்சம்பழம் முடிந்துகொண்டுதான் கிளம்பும்.

சமையலறைக்குப் போய் ஒரு பழம் எடுத்து வந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.