நாகர்கோவில் தோலும் கால்கரிக் குளிரும்

நான் கனடாவின் கால்கரி நகரில் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். அப்போது எனக்கு 33 வயது. ஊரில் முகத்துக்கென்று தனியாக எதுவும் செய்ததில்லை. காலையும் மாலையும் சோப்பு, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், அம்மா அரைத்து வைக்கும் பாசிப்பயறு மாவு, கஸ்தூரி மஞ்சள், அவ்வளவுதான். மீதியை நாகர்கோவில் காற்றின் ஈரமே பார்த்துக்கொண்டது என்று இங்கே வந்த பிறகுதான் புரிந்தது.

இரண்டே வாரத்தில், சிரித்தால் கன்னம் இழுத்தது. மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது. விரல் மூட்டுகள் வெடித்து, பாத்திரம் கழுவும்போது சுரீரென்று எரிந்தன. வீடியோ காலில் பார்த்த அம்மா, "மக்களே, முகம் என்னத்துக்கு இப்படி வத்திக் கெடக்கு? ஒழுங்கா சாப்பிடுதியா இல்லியா?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். வேலை கிடைக்கவில்லை, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் இருந்த முகமும் யாரோ ஒருத்தியுடையது போல இருந்தது.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். பெட்டியில் கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் அலமாரியில் கல்லாக உறைந்து கிடந்தது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். எங்கள் வீட்டில் 20 தான். உருக்கி முகத்தில் பூசினேன். வறட்சி போகவில்லை, நெற்றி முழுக்கப் பரு வந்தது. அழுக்குதான் காரணம் என்று நினைத்துச் சோப்பை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று கொதிக்கக் கொதிக்க இருபது நிமிடம் குளித்தேன். எரிகிற தோலில் இன்னும் கொஞ்சம் நெருப்பு வைத்ததுதான் மிச்சம்.

தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே முதலில் குடும்ப மருத்துவர் கடிதம் தர வேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்குக் கைகொடுத்தது பக்கத்து மருந்துக்கடையில் இருந்த மருந்தாளுநர்தான். கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மருந்தாளுநர்களில் பலருக்கு மருந்து எழுதித் தரும் அதிகாரமே உண்டு. காசு வாங்காமல், பொறுமையாகப் பேசுவார்கள். புதிதாக வருகிறவர்கள் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

அந்த மருந்தாளுநர்ப் பெண் முதலில் கேட்டது என்ன க்ரீம் போடுகிறாய் என்றல்ல, வீட்டில் ஈரப்பதம் எவ்வளவு என்று. குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் தாங்க முடியாது. வெளியே மைனஸ் 25-இல் இருக்கும் காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால், அதில் ஈரம் இல்லாத வெற்று வெப்பம்தான் இருக்கும். அது நம் தோலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன்: 16 சதவீதம். படுக்கையறைக்கு, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையர் ஒன்று வாங்கி 30 வரை ஏற்றினேன். அதற்கு மேல் ஏற்றினால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து பூஞ்சை பிடிக்கும்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எல்லாவற்றையும் மாற்றியது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவு, துண்டால் ஒற்றியெடு, ஈரம் காயும் முன்பே க்ரீமைப் போடு. வாசனை இல்லாத, செராமைடு (தோலில் இயல்பாகவே இருக்கும் ஒரு கொழுப்பு) கலந்த சாதாரண க்ரீம் போதும். அதன் மேல், உரிகிற இடங்களில் மட்டும் மெல்லிசாக வாஸ்லின். ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான் வேலை என்று சொன்னபோது, எண்ணெய்க் குளியலில் சீயக்காய் போட்டு எண்ணெயை முழுதாகத் தேய்த்து எடுக்காதே என்று பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது.

காலையில் இப்போது வெறும் தண்ணீர்தான். சோப்பு, நுரை எல்லாம் முகத்துக்கு நிறுத்தியாகிவிட்டது. இரவில் மட்டும் மிருதுவான கிளென்சர்.

சன்ஸ்கிரீனை நம்ப எனக்கு ஒரு வருடம் ஆனது. உறைகிற குளிரில் வெயிலுக்கு எதற்கு என்று நினைத்தேன். ஆனால் கால்கரி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, குளிர்காலத்திலும் வானம் பளிச்சென்று இருக்கும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மார்ச் மாதம் இடது கன்னத்தில் மங்கு விழுந்தது. நம் நிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கருக்க வைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய சன்ஸ்கிரீன் நல்லது. நிறமேற்றாத துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீன் போட்டால் சாம்பல் பூசியது போலிருக்கும் தொல்லையும் அதில் குறைவு. இங்கே முறையாக விற்கப்படும் சன்ஸ்கிரீனில் அரசு அனுமதியைக் காட்டும் எட்டு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். நான் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

ஊரிலிருந்து யாராவது 'வெளுப்பாக்கும்' க்ரீம் கொடுத்துவிட்டால் தயவுசெய்து போடாதீர்கள். ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்த க்ரீம்கள் இன்றும் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மங்கு மறைய வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். என் நிறம் மாற வேண்டும் என்று அல்ல.

முப்பதைத் தாண்டினால், முகச் சுருக்கத்துக்கு வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் போடச் சொல்கிறார்கள். நானும் பிப்ரவரியில் ஆரம்பித்து, மூன்றாவது இரவே முகம் சிவந்து நிறுத்தினேன். மே மாதம், காற்றில் கொஞ்சம் ஈரம் வந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து வாரம் இரண்டு இரவு மட்டும் போட்டேன். ஒத்துக்கொண்டது. கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் அதைத் தொடக் கூடாது.

இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். கன்னம் இழுப்பதில்லை, மங்கு பாதி வெளிறிவிட்டது. போன வாரம் அம்மா திரையை நெருங்கி வந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றி எதுவும் கேட்காமல் பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதைக்குப் போய்விட்டாள். குதிகால் வெடிப்பு மட்டும் அடங்கவில்லை. யூரியா கலந்த க்ரீமைப் பூசி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கிறேன். இன்றோடு ஐந்தாவது இரவு.