இன்ஸ்பயர் உதவித்தொகை: ஒரு இனிஷியலும் ஒரு கையெழுத்தும்

நாகலூரில் எங்கள் வீட்டிலிருந்து சேலத்துக் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் ஏற்காடு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டும். தினமும் போய்வர முடியாது என்று ஹாஸ்டலில் சேர்ந்தேன். அப்பா அம்மா இரண்டு பேரும் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறார்கள். பழம் பறிக்கும் மாதங்களில் கையில் கொஞ்சம் காசு இருக்கும். மெஸ் பில்லுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, மாதா மாதம் வந்துவிடும்.

பி.எஸ்சி. தாவரவியல் முதல் வருடம். 1200 மதிப்பெண்ணுக்கு +2 எழுதிய கடைசி பேட்ச் நாங்கள்தான், 2018. ஒருநாள் லேபில் எங்கள் மேடம், "ஏம்மா, உன் மார்க்குக்கு இன்ஸ்பயர் போட்டியா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வகுப்பில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் உதவித்தொகை அது. +2வில் தங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, பி.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யில் அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்குத் தருகிறார்கள். ஜே.இ.இ., நீட் தேர்வுகளில் முதல் 10,000 ரேங்கிற்குள் வந்தும் அடிப்படை அறிவியலுக்கு வந்தவர்கள் இன்னொரு வழியில் விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 நம் படிப்புச் செலவுக்கு, 20,000 கோடை விடுமுறையில் செய்யும் ஆய்வுக்கு. எம்.எஸ்சி. முடியும் வரை, அதிகபட்சம் ஐந்து வருடம் கிடைக்கும். இன்ஜினியரிங், மருத்துவம் படிக்கிறவர்களுக்குக் கிடையாது. நல்ல மார்க் எடுத்தும் பணமில்லாமல் கலை அறிவியல் கல்லூரிக்கு வந்தோம் என்று மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இது போய்ச் சேரவில்லை என்பது இன்றுவரை எனக்கு வருத்தம்.

முதல் சந்தேகம், நான் அந்த ஒரு சதவீதத்துக்குள் வருவேனா? மாநில ரேங்க் அறிவிப்பதை அதற்கு முந்தின வருடமே நிறுத்திவிட்டார்கள். போர்டிலிருந்து தகுதிக் கடிதம் இருந்தால் இணைக்கலாம், இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம் என்று விதியிலேயே இருந்தது. மேடம் சொன்னது இன்னும் சுருக்கம்: "கட்ஆஃப் என்னன்னு அவங்க பாத்துக்குவாங்க. நீ போடு."

சரி என்று ஆன்லைனில் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் இனிஷியல் பிரச்சினை தொடங்கியது. மார்க்‌ஷீட்டில் என் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தாக இனிஷியல். ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் என் பெயரோடு சேர்ந்து நின்றது. அப்போது எஸ்.பி.ஐ. கணக்கு கேட்டார்கள். என்னிடம் இல்லாததால் ஆதாரைக் கொடுத்துப் புதிதாகத் தொடங்கினேன், அதனால் பாஸ்புக்கிலும் அந்த நீளப் பெயரே வந்துவிட்டது. வடக்கே குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியாது. நமக்கு முன்னால் ஒரு எழுத்து, பின்னால் ஒரு எழுத்து, சில இடத்தில் அப்பா பெயரே முழுசாக என்று ஒரே ஆள் மூன்று ஆளாக இருப்போம்.

பிரவுசிங் சென்டர் அண்ணா, "அதெல்லாம் பாக்க மாட்டாங்க, அப்படியே போட்டுடலாம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மார்க்‌ஷீட்டை மாற்றுவது பெரிய வேலை, ஆதாரை மாற்றுவது சின்ன வேலை. ஆதாரை மார்க்‌ஷீட்டின்படி திருத்தி, அதைக் காட்டி வங்கிக் கணக்கிலும் திருத்தினேன். மூன்று வாரம் போனது. அதற்காக அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்தார்.

அடுத்தது கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டுத் தர வேண்டிய சான்றுப் படிவம். இந்த மாணவி இங்கே இந்தப் பாடம்தான் படிக்கிறார் என்று உறுதி சொல்லும் ஒரே ஒரு பக்கம். அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு, "ஸ்காலர்ஷிப்னா நாங்களே மொத்தமா அனுப்புவோம், தனியா கையெழுத்துப் போட மாட்டாங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கமாக வரும் அரசு உதவித்தொகை என்று நினைத்துவிட்டார்கள். நான்கு நாள் நடந்தேன். அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன், அந்தப் படிவத்தை அவர்களிடம் அதுவரை யாரும் நீட்டியதே இல்லை. ஐந்தாம் நாள் மேடம் விதிமுறையைப் பிரின்ட் எடுத்து, தேவையான வரிகளை அடிக்கோடிட்டுக் கூடவே வந்தார். பத்து நிமிடத்தில் கையெழுத்தும் சீலும் ஆயிற்று. வாயால் விளக்குவதைவிட அடிக்கோடிட்ட ஒரு தாள் வேகமாக வேலை செய்கிறது. யாராவது விண்ணப்பித்தால் முதலில் அந்தத் தாளைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

காத்திருந்த மாதங்களில் ஹாஸ்டலில் ஒரு அக்காவுக்கு மின்னஞ்சல் வந்தது. சர்வதேச மாணவர் கௌரவச் சங்கத்தில் உறுப்பினராகத் தேர்வாகியிருக்கிறீர்கள், டாலரில் பணம் கட்டினால் சான்றிதழ் வரும் என்று. அவருக்கு ரொம்பச் சந்தோஷம். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். நன்றாகப் படிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் அப்படிப்பட்ட சங்கங்கள் அமெரிக்காவில் உண்மையாகவே இருக்கின்றன. பழையது பை பீட்டா கப்பா, 1776இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. அதில் சேரவும் கட்டணம் உண்டு, ஆகவே பணம் கேட்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே படிக்கிற கல்லூரியிலேயே கிளை இருக்கும், மாணவரின் படிப்பைப் பார்த்து அந்தக் கிளைதான் தேர்ந்தெடுக்கும். அக்காவுக்கு வந்த கடிதத்தில் அவருடைய கல்லூரி பெயரும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. யார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டு அவர் பதில் எழுதினார். மறுபடியும் பணம் கட்டும் லிங்க்தான் வந்தது. விட்டுவிட்டார்.

எனக்குத் தற்காலிகத் தேர்வுக் கடிதம் அடுத்த வருடம் வந்தது. அப்புறம் கோடை ஆய்வு. ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் 6 முதல் 8 வாரம் வேலை செய்து, அறிக்கையும் அவர் தரும் சான்றிதழும் சமர்ப்பிக்க வேண்டும். பதினோரு பேருக்கு எழுதினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் கேட்ட கேள்வி, "உங்க ஊர்லயே என்ன இருக்கு?"

எங்கள் ஊரில் காப்பிக்கு நிழல் தரும் மரங்கள் இருக்கின்றன. பலா, சில்வர் ஓக், அவற்றின் மேல் மிளகுக் கொடி. மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடிகள் எந்த மரத்தை அதிகம் பிடித்திருக்கின்றன என்று எண்ணலாம் என முடிவானது. ஏற்காட்டில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அதன் வழியாகப் போயிருக்கிறேன், அந்தக் கோடையில்தான் செடிகளை அடையாளம் தெரிந்துகொள்ள நோட்டோடு போனேன். நான் பார்த்த எஸ்டேட்டில் சில்வர் ஓக்கில் கொஞ்சம்தான், சொரசொரப்பான பலா மரப் பட்டையில் நிறைய. எந்தக் கிளையில் எது பூக்கும் என்று அம்மாவுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் அம்மாவுடையது.

பணம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் மொத்தமாக வந்தது. ஹாஸ்டல் பாக்கியை ஒரே தடவையில் கட்டினேன். ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் விவரத்தை ஏற்ற வேண்டும், அதை மறந்தால் அடுத்த தவணை நின்றுவிடும். விதிமுறைகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, அந்த வருட அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி இப்போது +2 படிக்கிறாள். வேதியியல் எடுக்கப் போகிறாளாம். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டையும் ஆதாரையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். வரும் திங்கட்கிழமை அவளும் நானும் ஆதார் திருத்த ஏற்காட்டுக்குப் போகிறோம்.